காளை கறக்காத பால்

அன்புள்ள தம்பிக்கு,

பொலிகாளை பால் கறப்பதில்லை. ஆனாலும் ஒரு மந்தையின் பால் எவ்வளவு என்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு பசு தன் ஆயுளில் ஈனும் கன்றுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். உறைவிந்தும் சினை ஊசியும் வந்தபின் ஒரே காளைக்குப் பல்லாயிரம் கன்றுகள் பிறக்கின்றன. அதனால் காளையைத் தவறாகத் தேர்ந்தால் அந்தத் தவறும் பல்லாயிரம் தொழுவங்களுக்குப் போய்ச் சேரும். அதன் மகள்கள் எவ்வளவு கறக்கும் என்பதை உடற்கட்டோ நிறமோ சுழியோ சொல்லிவிடாது.

முன்பு இதை அறிய இருந்த உறுதியான வழி சந்ததிச் சோதனை. இளங்காளையின் விந்தைப் பல பண்ணைகளுக்குக் கொடுக்க வேண்டும். கிடேரிகள் பிறந்து வளர்ந்து, சினையாகி, முதல் ஈத்துப் பால் கறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் காளைக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகிவிடும். தேறாத காளைக்கும் அத்தனை காலமும் தீனி போட்டாக வேண்டும்.

இந்தக் காத்திருப்பைச் சுருக்கும் கணக்கை மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூவர் 2001இல் வெளியிட்டனர். பாலுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. 14ஆம் குரோமோசோமில் உள்ள டிகேட்-1 மரபணு பாலின் கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியும் அளவு மாற்றும், அது விதிவிலக்கு. மற்றபடி ஆயிரக்கணக்கான இடங்கள் ஒவ்வொன்றும் சிறிது கூட்டும், சிறிது குறைக்கும். ஆகவே, ஒரு மரபணுவைத் தேடி அலைவதைவிட டி.என்.ஏ. முழுவதும் அடையாளப் புள்ளிகளை நெருக்கமாக வைத்து, எல்லாவற்றின் விளைவையும் ஒருசேர மதிப்பிடலாம் என்றார்கள்.

கணக்கு இருந்தும் கருவி வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ஏறத்தாழ 54,000 புள்ளிகளை ஒரே முறையில் படிக்கும் சில்லு அதன்பிறகே விற்பனைக்கு வந்தது. ஜனவரி 2009 முதல் அமெரிக்க வேளாண் துறை ஹோல்ஸ்டீன், ஜெர்சி இனங்களுக்கு இம்முறையில் அதிகாரப்பூர்வ மதிப்பீடு வழங்கத் தொடங்கியது.

பண்ணையில் நடக்கும் வேலை எளியது. கன்றுக்குக் காதில் வில்லை குத்தும்போதே கடுகளவு சதைத் துணுக்கு ஒரு குப்பியில் விழும்படி அமைத்திருப்பார்கள். வால் முடியை வேரோடு பிடுங்கி அனுப்புவதும் உண்டு. ஆய்வகம் அந்த மாதிரியைப் படித்துப் புள்ளிவாரியாக டி.என்.ஏ. எழுத்துகளைத் தரும். அந்த எழுத்துகளுக்கு மதிப்பெண் போடுவதற்கு ஓர் ஆதாரக் கூட்டம் வேண்டும்: மகள்களின் கறவைக் கணக்கு முன்பே தெரிந்த ஆயிரக்கணக்கான காளைகளின் டி.என்.ஏ. அதை வைத்து ஒவ்வொரு புள்ளியின் விளைவும் மதிப்பிடப்படும். புதுக் கன்றிடம் உள்ளவற்றைக் கூட்டினால் அதன் மதிப்பு கிடைக்கும். பெற்றோரின் சராசரியை வைத்து ஊகிப்பதைவிட இது மிகவும் நம்பகமானது. நிறைய மகள்களைக் கண்ட சந்ததிச் சோதனைக்குச் சற்றுக் குறைவானது. ஆனால் பதில் கன்றுப் பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது. அமெரிக்க ஹோல்ஸ்டீனில் காளைக்கும் அதற்குப் பிறக்கும் அடுத்த பொலிகாளைக்கும் இடையே சுமார் ஏழு ஆண்டாக இருந்த இடைவெளி இரண்டரை ஆண்டுக்கும் கீழே இறங்கியது.

மறைந்திருக்கும் குறைகளையும் இதே தரவு வெளிக்கொண்டு வந்தது. 1962இல் அமெரிக்காவில் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற காளைக்கு 16,000 மகள்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பேத்திகள். பால் பெருகியதில் அதன் பங்கு மிகப் பெரியது. அதோடு ஏபாஃப்-1 என்ற மரபணுவில் ஒரு பழுதும் பரவியது. பழுதின் ஒற்றைப் படி மட்டும் இருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. தாய், தந்தை இருவரிடமும் பழுது இருந்தால் நான்கில் ஒரு கரு இரண்டு படிகளையும் பெற்று வயிற்றிலேயே அழியும். விவசாயிக்குத் தெரிவதெல்லாம் சினை தங்கவில்லை அல்லது மாடு கன்று வீசிவிட்டது என்பதுதான். பழி தீவனத்தின் மேலோ ஊசி போட்டவர் மேலோ விழும்.

2011இல் பால் வான்ரேடன் குழுவினர் இந்தப் பழுதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. பழுதைத் தாங்கிய டி.என்.ஏ. துண்டின் ஒற்றைப் படி ஏராளமான மாடுகளில் இருந்தது. அப்படியானால் இரட்டைப் படி உள்ளவையும் கணிசமாக இருந்தாக வேண்டும். உயிருள்ள மாடுகளில் ஒன்றுகூட இல்லை. பிறக்காதவற்றைக் கொண்டு அவர்கள் பழுதைப் பிடித்தார்கள். இந்தப் பழுதால் உலகெங்கும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் அழிந்தன என்பது பிந்தைய மதிப்பீடு. இப்போது காளையைச் சோதித்து, பழுதுள்ள இரண்டு சேராமல் இணை அமைக்கிறார்கள்.

தலைமுறை வேகமானதால் நெருங்கிய இரத்தக் கலப்பும் வேகமாக ஏறுகிறது. எல்லோரும் பட்டியலின் உச்சியில் இருக்கும் அதே சில காளைகளை நாடுவதும் ஒரு காரணம். உறவின் அளவையும் டி.என்.ஏ.விலேயே அளந்து இணை சேர்க்கலாம். அளந்த பிறகும் முதலிடக் காளையைத் தவிர்க்க மனம் வருவது அரிது.

ஓர் இனத்தில் செய்த கணக்கு இன்னோர் இனத்துக்கு அப்படியே பொருந்தாது. ஹோல்ஸ்டீனுக்கான மதிப்பெண்ணைக் காங்கேயத்துக்கோ சாஹிவாலுக்கோ போட்டால் பிழையே மிஞ்சும். அதனால்தான் ஹைதராபாத் தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய இனங்களுக்கென இண்டிகௌ சில்லை உருவாக்கி 2021இல் வெளியிட்டது. 2024இல் மாட்டுக்கும் எருமைக்கும் தனித்தனிச் சில்லுகள் அறிமுகமாயின. சில்லு கையில் இருந்தாலும், கறந்த பாலை ஒழுங்காக அளந்து எழுதிய ஏடு இல்லையென்றால் எழுத்துகளுக்கு மதிப்பெண் போட வழியில்லை. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களே மிகுந்த இந்த நாட்டில், அளவுக் குவளையோடு வீடுவீடாகப் போய்ப் பால் பதிவதே செலவும் உழைப்பும் மிக்க பகுதி.

அன்புடன்,
அண்ணன்