ஐப்பசி மழை, மதுரைச் சாப்பாடு, மைதா மட்டும் வேண்டாம்

கோதுமை சேராத உடம்போட மதுரைக்குப் போறியான்னு யாராவது பயமுறுத்தினா காதுல போட்டுக்காதே. பரோட்டாவை ஓரமா ஒதுக்கிட்டுப் பாரு, மிச்சமெல்லாம் அரிசியும் உளுந்தும் கறியும் மீனும்தான். ஐப்பசி அடைமழையில சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சூடா, வயிறார சாப்பிடலாம்.

ஆனா எல்லாரும் பண்ற தப்பையே நீயும் பண்ணாதே. பரோட்டாவைத் தொடலைன்னா போதும்னு நினைச்சுக்கிறாங்க. கண்ணுக்குத் தெரியற மைதாவை நீ எப்படியும் தொடப் போறதில்ல. கல்லுலயும் எண்ணெயிலயும் பெருங்காயத்துலயும் ஒளிஞ்சிருக்கு பாரு, அதுதான் படுக்க வைக்கும்.

1. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் அவசரப்படாதே. ராத்திரி பஸ் விடியற நேரத்துக்கு இறக்கி விடும், வெளியில தூறலா இருக்கும். உடனே டீக்கடையில ஹார்லிக்ஸ், பூஸ்ட்னு கேட்டுடாதே. ரெண்டுலயும் பார்லி மால்ட் இருக்கு. பார்லியும் கோதுமைக்கு அண்ணன் தம்பிதான், உனக்கு ஆகாது. டீ குடி, சுக்குமல்லிக் காபி கிடைச்சா இன்னும் நல்லது. பசிச்சா பன், வர்க்கி பக்கமே திரும்பாம வாழைப்பழமோ அவிச்ச கடலையோ வாங்கிக்கோ.

2. கடையில போய் "க்ளூட்டன் இருக்கா?"ன்னு கேட்காதே. கோதுமை, பார்லியில இருக்கிற க்ளூட்டன்ங்கிற புரதம் அவங்களுக்குத் தெரியாது. அதுல அவங்க மேல தப்பும் இல்ல. 2016-ல வந்த ஒரு ஆய்வு, வட இந்தியாவுல நூத்துக்கு ஒருத்தருக்கு மேல சீலியாக், அதாவது க்ளூட்டன் ஆகாத நோய் இருக்கு, தெற்கே ஆயிரத்துல ஒருத்தர்தான்னு சொல்லுது. மாஸ்டர் உன்னை மாதிரி ஆளை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கவே மாட்டார். அதனால, "அண்ணே, கோதுமை, மைதா, ரவை மூணும் எனக்கு விஷம், சாப்பிட்டா ஆஸ்பத்திரிதான்"னு நேரா சொல்லு. "ஒத்துக்காது"ன்னு மெதுவா சொன்னா, பிடிக்காதுன்னு எடுத்துக்குவாங்க. சப்ளையர்கிட்ட சொல்லிட்டு உட்கார்ந்துடாம, கல்லுகிட்ட நிக்கிற மாஸ்டர்கிட்டயே போய்ச் சொல்லு.

3. இப்ப கல்லு. இதை ரெண்டு தடவை படி. தோசை மாவு அரிசியும் உளுந்தும்தான், சந்தேகமே இல்ல. ஆனா அதே கல்லுல முன்னாடி பரோட்டா போட்டிருந்தா? ரவா தோசை ஊத்தியிருந்தா? தண்ணி தெளிச்சு விளக்குமாத்தால ஒரு இழுப்பு இழுப்பாங்களே, அந்த விளக்குமாறே பரோட்டாக் கல்லுக்கும் போய்ட்டு வந்ததா இருக்கும். துடைச்சுட்டு ஊத்துங்கன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. தோசைக்குத் தனிக் கல், தனிக் கரண்டி இருக்கிற கடைதான் உனக்கு. பல கடையில சாயங்காலம்தான் பரோட்டா ஆரம்பிக்கும், அதனால தோசை ஆசையைக் காலையிலயே முடிச்சுக்கோ. அப்பவும் ரவா தோசை எந்தக் கல்லுன்னு கேட்டுட்டு உட்காரு. சிம்மக்கல் பக்கம் கறி தோசை சாப்பிடணும்னு கிளம்பினாலும் இதே கேள்விதான்: "பரோட்டாவும் இதுலதானா?" ஆமான்னு சொன்னா எழுந்திரு, வெட்கப்படாதே.

ராத்திரிக் கடைக்கு ஒரு குறுக்குவழி சொல்றேன். மதுரையில கரண்டி ஆம்லெட்னு ஒண்ணு உண்டு. குழிக்கரண்டியில எண்ணெய் விட்டு, முட்டையை ஊத்தி, நெருப்புல காட்டியே வேகவைப்பாங்க. கல்லுக்கே வேலை இல்ல. அடுப்பு பக்கத்துல நின்னு, கரண்டியைக் கழுவித் தரச் சொல்லு. கூட ரெண்டு இட்லி. ஆவியில வேகறது எப்பவும் நமக்குத் துணை. இடியாப்பத்துல மட்டும் மைதா கலந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோ, வெள்ளையா இருக்கணும்னு சேர்க்கிற இடங்கள் உண்டு.

4. பெருங்காயம். இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயம் பலதுல கோதுமை மாவோ மைதாவோதான் பாதி சரக்கு. டப்பாவைத் திருப்பிப் படி. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்குது, வீட்டுக்கு அதை வாங்கு. ஹோட்டல் சாம்பார், ரசம், புளியோதரை, இட்லிப் பொடி எல்லாத்துலயும் இது உண்டு. ஊருக்குக் கிளம்பும்போதே பெருங்காயம் போடாம அரைச்ச பொடியைச் சின்ன டப்பாவுல எடுத்து வச்சுக்கோ, நல்லெண்ணெய் கடையில கேட்டா தருவாங்க. பொடி டப்பா இல்லாம எந்த ஊருக்கும் கிளம்பாதே.

5. மதியம் மெஸ்ஸுக்குப் போ. மழைக்கு அயிரை மீன் குழம்பும் வெள்ளைச் சோறும் போதும், வேற எதுவும் கேட்காது. மட்டன் சுக்கா, ஈரல், குடல் குழம்பு எல்லாம் பொதுவா தைரியமா சாப்பிடலாம். கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலைதான் முறை, ஆனாலும் பிரெட் தூள் போடறாங்களான்னு கேளு. மீன் வறுவல், சிக்கன் 65-க்கு மேல்மாவுல மைதா இருக்கும், பொரிக்கிற எண்ணெயும் பொது எண்ணெய். அதை விட்டுடு. சோயா சாஸ் ஊத்தற ஐட்டம் எதுவும் வேண்டாம், அதுலயும் கோதுமைதான்.

6. மழை விடலைன்னா ரூமுக்குள்ள முடங்காதே. நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023 ஜூலையில திறந்தது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். அங்கிருந்து ஊருக்குள்ள வந்து பருத்திப்பால் குடி. பருத்தி விதைப் பால், அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலக்காய், மேல தேங்காய்த் துருவல். மழைச் சாயங்காலத்துக்கு இதைவிட இதமா இந்த ஊருல ஒண்ணும் கிடையாது. ஜிகர்தண்டாவும் உனக்கு ஆகும், பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும்தான். தொண்டை கட்டினா என்கிட்ட வராதே.

7. தீபாவளி சீசன்ல ஸ்வீட் கடை கூப்பிடும். சுருக்கமா வச்சுக்கோ:
- ஜாங்கிரி உளுந்து, ஜிலேபி மைதா. மாத்தி வாங்கிடாதே.
- மைசூர்பாக், லட்டு கடலை மாவு.
- பாதுஷா, குலாப் ஜாமுன், சோன்பப்டி, கோதுமை அல்வா கூடவே கூடாது.
- அதிரசம், தட்டை, முறுக்கு அரிசி மாவுதான், ஆனா பிடிப்புக்கு மைதா சேர்க்கறவங்க உண்டு. சமோசா பொரிச்ச எண்ணெயான்னும் கேளு.
- "சிறுதானியம்"னு பெரிசா எழுதின பிஸ்கட், ராகி சேமியாவைப் பார்த்து ஏமாறாதே. பின்பக்கம் பாரு, கோதுமை இருக்கும். க்ளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது நம்ம நாட்டுச் சட்டம். அந்த வரி இருந்தா மட்டும் வாங்கு.

8. ஞாயித்துக்கிழமை அழகர்கோவில். தூரம் 20 கிலோமீட்டர் சொச்சம், மழை பெஞ்ச மலையைப் பார்க்கவே போகலாம். அங்க பிரசாதமா தர்ற தோசை பச்சரிசியும் தோல் உளுந்தும் மிளகும் சுக்கும் போட்டு, நெய்யில வேகறது. பெருங்காயம் உண்டான்னு மட்டும் கேட்டுட்டு வாங்கிக்கோ.

9. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா, "ஒரு வாய் கேசரி சாப்பிட்டா என்ன ஆகப்போகுது?"ன்னு அத்தை கேட்பாங்க. நீ கரைஞ்சுடாதே. 1944-45 பஞ்சத்துல நெதர்லாந்துல ரொட்டியே கிடைக்காதப்ப சீலியாக் நோய் இருந்த பிள்ளைங்க தேறினாங்க, ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தாங்க. டிக்கேங்கிற டாக்டர் கோதுமைதான் காரணம்னு உறுதிப்படுத்தினார். அதனால ஒரு வாயும் கணக்குதான். "அத்தை, எனக்குப் பணியாரம் ஊத்திக் குடுங்க"ன்னு நீயே முந்திக்கோ. பிள்ளை வாய்விட்டுக் கேட்டுச்சேன்னு அவங்களுக்கும் சந்தோஷம். ரெடிமேட் மாவா, மில்லுல கோதுமையோட அரைச்சதான்னு மட்டும் விசாரிச்சுக்கோ.

10. இன்னும் டெஸ்ட் எடுக்காம, நீயா கோதுமையை நிறுத்தியிருக்கியா? இதுக்குத்தான் உன்னை நிஜமாத் திட்டணும். கோதுமையை விட்டுட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனா, நோய் இருந்தாலும் இல்லைன்னு வந்துடலாம். முதல்ல டாக்டர், அப்புறம் பத்தியம்.

11. திரும்பற பஸ்ஸுல சாப்பாட்டை நம்பாதே. ராத்திரி நிறுத்தற ரோட்டோர ஹோட்டல்ல பரோட்டாக் கல்லுதான் எரியும். மாட்டுத்தாவணிக்கு வர்ற வழியிலயே இட்லி பார்சல் வாங்கிடு. கட்டும்போது பக்கத்துலயே நில்லு, சாம்பார் வேண்டாம்னு சொல்லு, இல்லைன்னா பழக்கத்துல இட்லி மேலயே ஊத்திடுவாங்க.