பாடம் பண்ணிய பதில் வேண்டாம்

கேள்வி: சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்து எஸ்.எஸ்.பி. (பணித் தேர்வு வாரியம்) நேர்காணல். எப்படித் தயாராவது?
– ஒரு வாசகி, சைனிக்புரி

பதில்: வாழ்த்துகள். 1992-லிருந்து பெண்களும் பயிற்சி பெறும் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு நீங்களும் போக வேண்டும் என்பது என் ஆசை.

முதல் நாளே வடிகட்டல். மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு குழு விவாதம். உரக்கக் கத்துவது இங்கே எடுபடாது. அடுத்தவர் பேச்சைக் கேட்டு, அதிலிருந்து பேச்சை நகர்த்துங்கள். உளவியல் தேர்வில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத 15 விநாடிதான். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அந்த வேகத்தில் பல்லிளித்துவிடும்.

நேர்காணலின் அடித்தளம், நீங்களே நிரப்பித் தரும் தன்விவரப் படிவம். பொழுதுபோக்கு 'வாசிப்பு' என்று எழுதினால், கடைசியாகப் படித்தது என்ன, அதில் எதை ஏற்கவில்லை, ஏன் என்று தோண்டுவார்கள். பள்ளி, மதிப்பெண், பிடித்த ஆசிரியர், நெருங்கிய தோழி என ஏழெட்டுக் கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்குவதும் உண்டு. வரிசையாகச் சொல்லுங்கள், ஒன்று விட்டுப்போனால் கேட்டுக்கொள்ளலாம். குறைந்த மதிப்பெண்ணுக்குச் சாக்கு தேடாதீர்கள்.

உங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லையே! மாலை நடையில் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். மாதிரி விடை கேட்காமல், முதல் பணியிடத்தில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். படிவத்தை அவரிடம் கொடுத்துக் குடையச் சொல்லுங்கள். தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அன்றிரவே அதற்கான உண்மையான பதிலை யோசியுங்கள்.