ஆற்றுக்கும் ஓர் இடம்

தண்ணீர்மலை அருவி நீர் எங்கே போகிறது? ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து, சுங்கை பினாங்கு என்ற பெயரில் ஜார்ஜ்டவுனைக் கடந்து கடலில் கலக்கிறது. 833 மீட்டர் உயரக் கொடிமலையில் பெய்யும் மழை, சில கிலோமீட்டரிலேயே நகருக்குள் இறங்கிவிடும். அந்நேரம் கடல் பொங்கியிருந்தால் ஆற்றுநீர் வெளியேறாமல் தேங்கும். 2017 நவம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும்.

கரையில் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் நீர் வேகமெடுத்து, கீழே உள்ளவர் வீட்டில் புகும். கரையோரம் புல்வெளியாக இருந்தாலோ, மற்ற நாளில் நீங்கள் நடக்கலாம், பிள்ளைகள் பந்தடிக்கலாம். மழைநாளில் ஆறு அங்கே பரவிக்கொள்ளும். மரநிழலில் மீனும் கொக்கும் தங்கும்.

கொம்தார் அருகே பிராங்கின் கால்வாய் 2019இல் சியா போய் பூங்காவானது, அழகுதான். ஆனால் சுங்கை பினாங்குக் கரையில் வீடுகள் நெருங்கிவிட்டன. அங்கிருப்போருக்குப் பக்கத்திலேயே மாற்று வீடு தராமல் ஆற்றுக்கு நிலம் கேட்பது நியாயமில்லை.