துவர்ப்பும் தோலும்

வேதியியல் என்றவுடன் ஆய்வுக்கூடத்துக் குடுவைகளும் சோதனைக் குழாய்களுமே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆயின், பால் கலவாத தேநீரைப் பருகும்போது நாவைப் பிடித்திழுக்கும் அந்த உணர்வும் வேதியியலே ஆகும். பாக்கை மெல்லும்போதும் கடுக்காயைக் கடிக்கும்போதும் தோன்றும் அதனைத் தமிழர் துவர்ப்பு எனப் பெயரிட்டு அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். நம் உமிழ்நீரில் வழவழப்பைத் தரும் புரதங்கள் உள்ளன. பட்டை, காய், இலை ஆகியவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்பொருள் அப்புரதங்களைப் பற்றித் திரளச் செய்கிறது. வழவழப்பு நீங்கவே வாய் வறள்கிறது. தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்பொருளைப் பாலின் புரதம் முதலில் பற்றிக்கொள்கிறது, நாக்கு தப்பிவிடுகிறது.

இச்சிறு செய்தியில் நமக்கு ஏன் இத்துணை ஆர்வம் எனின், வாயில் நிகழும் இதே வினைதான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களுக்குப் பல தலைமுறைகளாகச் சோறிட்டு வந்துள்ளது. தோலும் ஒரு புரதமே. அப்புரதத்தைத் துவர்ப்பொருளால் இறுக்கி அழுகாமல் நிலைக்கச் செய்வதே தோல் பதனிடுதல். மாதவியின் கூந்தலைப் பத்துத் துவர் ஊறிய நீரால் ஆட்டிய செய்தியைச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாணவர்கள் பயில்கின்றனர். அதே துவர்தான் தங்கள் தெருக்கோடியிலுள்ள தொழிற்சாலையில் தோலை ஆள்கிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

தோலின் பயணம் உப்பில் தொடங்குகிறது. ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானித் தோல்கள் மதரஸாக்களுக்கு வந்து சேர்வதையும், பெரியவர்கள் "உப்புப் போட்டாயிற்றா?" என்று விரைவுபடுத்துவதையும் நாம் கண்டிருக்கிறோம். சில மணி நேரம் தாமதித்தாலும் பாக்டீரியாக்கள் பெருகித் தோல் கெட்டுவிடும். உப்பு, தோலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. நீரின்றி அக்கிருமிகள் பெருக இயலாது. வீட்டில் கருவாடு நிலைப்பதும், ஊறுகாய் நிலைப்பதும் இதனாலேயே. ஊறுகாய்க்கு ஒரு கைப்பிடி போதும். தோலுக்கோ அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு வேண்டும். இந்த உப்பு பின்னர் எங்கே செல்கிறது என்பதை மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்வோமாக.

அடுத்து வருவது சுண்ணாம்பு. ஊறவைத்துக் கழுவிய தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் இடுவர். மயிரின் புரதத்தைப் பிணைத்து நிற்கும் கந்தகக் கட்டுகளைச் சல்பைடு அறுக்கிறது; மயிர் கூழாகிக் கழிகிறது. சுண்ணாம்பு தோலை உப்பச் செய்து உள்ளிழைகளைத் திறக்கிறது. சுண்ணாம்பு போன்ற காரப் பொருளை ஆங்கிலத்தில் அல்கலி என்பர். அது செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதையும் இடையே குறிப்பிடத் தோன்றுகிறது.

இதன் பின்னரே உண்மையான பதனிடுதல். முற்காலத்தில் ஆவாரம் பட்டையே இங்கு முதன்மையான துவர்ப்பொருளாக விளங்கிற்று. சாலையோரத்தில் மஞ்சள் பூவுடன் நிற்கும் அச்செடியின் பட்டையை நீரில் ஊறவைத்து, அதில் தோல்களைப் பல நாள் கிடத்தி, கடுக்காய் நீரில் முடித்து எடுப்பர். பொறுமையான தொழில் அது. பின்னர் குரோமியம் வந்தது. கப்பலேறி வந்த இப்புதிய முறையின் சுவடு, குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் வழங்கலான குரோம்பேட்டையில் இன்றும் உள்ளது. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. பதனிடாத தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசு வெப்பத்திலேயே சுருங்கிவிடும். குரோமியத்தால் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இட்டு, சுருங்கவில்லை எனக் கண்ட பிறகே தொழிலாளி டிரம்மை நிறுத்துகிறார். எழுத்தறியாதவரும் அன்றாடம் செய்யும் மிகத் துல்லியமான வேதியியல் சோதனை அது.

குரோமியம் தோலில் எதனைப் பற்றுகிறது? கொலாஜன் என்னும் தோல் புரதத்தின் கட்டமைப்பு தெரிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடையில்லை. அக்கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு வெளியிட்டனர். மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று தழுவி, முப்புரிக் கயிறு போல் முறுக்குண்டு நிற்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கங்காரு வால் தசைநாரை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அளித்தது. 1948இல் தோன்றிய அந்நிலையத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே நிகழ்ந்த இக்கொடுக்கல் வாங்கல், உலக உயிர்வேதியியலின் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. குரோமியம் இக்கயிறுகளின் பக்கங்களிலுள்ள அமிலத் தொகுதிகளைப் பற்றி, ஒன்றோடொன்று தைத்துவிடுகிறது என்று இன்று விளக்க முடிகிறது.

இனி அந்த உப்புக்கு வருவோம். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. தோலிலிருந்து கழுவிய உப்பு முழுவதும் அந்நீரில்தான் கலக்கிறது. வழக்கமான முறையில் இட்ட குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காட்டையே தோல் ஏற்கிறது; எஞ்சியது கழிவு. குரோமியத்தைப் படியச் செய்து பிரித்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் மிகக் கடினம். கிணறுகள் உவர்ப்பாயின; வயல்கள் பாழாயின. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிற்று. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் ஒரு கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைக் குறித்துப் பேச நேர்ந்தது. இத்தொழிலால் உயர்ந்த ஊர்களில் வாழும் நாம் இதனைச் சொல்லாது விடுவது முறையன்று.

இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் இத்தீமையை அதன் பிறப்பிடத்திலேயே தடுக்க முயல்கின்றன. அடையாற்று நிலையத்தார் வகுத்த நீரில்லாக் குரோமியப் பதனிடு முறையில், பதனிடுதலுக்கு முன்னுள்ள அமில உப்புக் குளியலும் பின்னுள்ள காரமேற்றலும் தேவையில்லை. உப்பும் நீரும் மிஞ்சுகின்றன; குரோமியச் செலவும் குறைகிறது. சல்பைடுக்கு மாற்றாக, மயிரை வேரோடு தளர்த்தும் நொதிகளும் ஆராயப்பட்டு வருகின்றன. நம் கருத்தில் இவற்றுள் பின்னதே முதன்மையானது. காரணத்தை ஒரு நிகழ்ச்சியால் கூறுவோம்.

மொழிபெயர்ப்புப் பாடவேளையில் அவரவர் வீட்டில் கிடைக்கும் ஓர் ஆங்கில அறிவிப்பைக் கொண்டுவருமாறு மாணவர்களிடம் சொல்லியிருந்தோம். ஒருவர் மருந்துச் சீட்டும், வேறொருவர் சோப்புத் தாளும் கொணர்ந்தனர். தோல் தொழிலாளி ஒருவரின் மகன், சல்பைடு மூட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கொண்டுவந்தார். அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படும் என்பது அதன் பொருள். அவ்வாயு ஹைட்ரஜன் சல்பைடு. சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் ஒரே கால்வாயில் சந்தித்தாலே அது பிறக்கும். தொட்டியைத் தூய்மை செய்ய இறங்குவோரைச் சில நொடிகளில் வீழ்த்தும். தொடக்கத்தில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுபவரே பெரும்பாலும் பலியாகின்றனர்.

இருபது ஆண்டுகளாக அம்மூட்டைகளைச் சுமந்த தந்தைக்கு நாற்றம் தெரியும்; அது ஏன் வருகிறது, ஏன் நிற்கிறது என்பது தெரியாது. வகுப்பு முழுவதும் கூடி நல்ல தமிழில் எழுதினோம்: "அமிலத்துடன் கலவற்க, நச்சு வாயு எழும்." மாணவர் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். மறுநாள் திருத்தத்துடன் திரும்பி வந்தது. "வாத்தியார் எழுதினது அழகாத்தான் இருக்கு. ஆனா எங்க ஆளுங்களுக்கு அமிலம்னா என்னன்னு தெரியாது, ஆசிட்னு போடச் சொல்லுங்க. நாத்தம் நின்னுட்டா ஓடிப் போயிடணும்னும் சேத்து எழுதச் சொல்லுங்க" என்று தந்தை சொல்லியனுப்பியிருந்தார்.

தமிழாசிரியராகிய நமக்கு 'ஆசிட்' என்று எழுதக் கை கூசிற்று. எழுதினோம். அந்த அட்டை இப்போது சுண்ணாம்புத் தொட்டியருகே சுவரில் ஒட்டப்பட்டுள்ளது என்று மாணவர் கூறுகிறார்.