டிராகன் புதையலை எங்கே போட்டு வைப்பது?

டிராகனைக் கொன்றாயிற்று. குகை முழுக்கத் தங்கக் காசு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை நடத்தும் டஞ்சன் மாஸ்டருக்கு வேலை இனிமேல்தான். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி 50 காசு ஒரு பவுண்டு எடை. 10,000 காசு என்றால் 200 பவுண்டு, ஏறக்குறைய 90 கிலோ. பலம் 10 உள்ள ஆளால் 150 பவுண்டுதான் சுமக்க முடியும். பல மேசைகளில் இந்த எடையை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். “இந்த ஊர்ல பேங்க் இருக்கா?” என்று ஆட்டக்காரர்களே கேட்பார்கள். (500 பவுண்டு தாங்கும் மாயப்பையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். 25,000 காசை அது விழுங்கிவிடும், பேங்க்கும் தேவைப்படாது.)

ஆட்டத்துக்குள் முதன்முதலில் பேங்க் நடத்த முயன்றபோது நான் எக்செல்லில் பேரேடு போட்டேன். நாள் வட்டி, கூட்டு வட்டி எல்லாம் உண்டு. மூன்றாவது வாரம் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து என் விதி இதுதான்: காசு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். முகம் இல்லாத கணக்கு மேசைக்கு வரக்கூடாது.

இந்த விளையாட்டின் கற்பனை உலகங்களில் ஒன்றான எபெரானில் பேங்க் தொழிலைக் குண்டராக் என்ற ட்வார்ஃப் குடும்பம் பார்த்துக்கொள்கிறது. உங்கள் உலகத்துக்கு ஒரு கட்டடமும் சிடுசிடுக்கும் ஒரு காசாளரும் போதும். போட்ட பணத்துக்கு வட்டி தராதீர்கள். காவல் கூலியாக நூற்றுக்கு ஒன்று பிடியுங்கள். இந்த ஊரில் கட்டி அடுத்த ஊரில் வாங்க, செட்டியார்கள் புழங்கிய உண்டியல் மாதிரி ஒரு சீட்டு. சீட்டு அசலா என்று எப்படித் தெரியும்? ‘செண்டிங்’ மந்திரம் இருக்கிறது. ஆனால் அதில் 25 சொல்தான் அனுப்பலாம். தொகை, ஆள் அடையாளம், ரகசியச் சொல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கள்ளச்சீட்டுக்காரன் நுழையும் சந்து அதுதான்.

கடன்தான் உண்மையான சுரங்கம். முழு உடலையும் மூடும் இரும்புக் கவசம் 1,500 காசு. வீரனிடம் இருப்பது 500. மீதி ஆயிரத்துக்கு இரண்டு வட்டி போட்டால் மாதம் 20 காசு. அசல் தீரும்வரை அதையே வசூலியுங்கள், வட்டிக்கு வட்டி வேண்டாம். கடன் கொடுக்குமுன் லேவாதேவிக்காரர் ஒரு பூசாரியை வைத்து ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ மந்திரம் போடச் சொல்லட்டும். அது பத்து நிமிடம் நிற்கும். உள்ளே பொய் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டவர் யார் என்று பூசாரிக்குத் தெரியும். மூன்றே கேள்வி: திருப்பித் தருவாயா, வேறு யாரிடம் பாக்கி, போன கூட்டாளி எப்படிச் செத்தான்? மூன்றாவது கேள்விக்கு மேசையே அமைதியாகிவிடும்.

அடமானமாக வாளைக் கேட்காதீர்கள், வாளில்லாத வீரனை வைத்துக்கொண்டு நீங்கள்தான் திண்டாடுவீர்கள். மொத்தக் குழுவையும் ஜாமீன் போடச் சொல்லுங்கள். பத்திரத்தில் ஒரு ஷரத்தும் சேருங்கள்: கடன்காரன் செத்தால் பேங்க்கே உயிர்ப்பிக்கும். ‘ரெய்ஸ் டெட்’ மந்திரத்துக்கு ஆகும் 500 காசு வைரம் அசலோடு சேரும். ஆனால் அந்த மந்திரம் பலிக்க ஆன்மா சம்மதிக்க வேண்டும். ‘வர மாட்டேன்’ என்றால் பாக்கி யார் தலையில்? என் மேசையில் இதற்கே ஒரு மாலை முழுக்கப் போயிற்று. தவணை தவறினால் அடியாள் அனுப்புவது பழைய சரக்கு. வட்டிக்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள், கொஞ்சம் அழுக்கான வேலையாக.

வரியைச் சுருக்கமாக முடியுங்கள். 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேட்டிலேயே சுங்கம், தீர்வை, தசமபாகம் என்று ஒரு பகுதி உண்டு. எல்லாவற்றையும் வசூலித்தால் ஆட்டம் தாலுகா ஆபீஸ் ஆகிவிடும். கோட்டை வாசலில் பத்தில் ஒன்று, ஒரே தடவை. காசை வெளியே புதைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தால் தடுக்காதீர்கள். புதைத்ததை யாரோ பார்த்தார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரசனுக்கே தலைவரி ஆசை வந்தால் 1381இன் இங்கிலாந்து இருக்கிறது. தலைவரியை எதிர்த்துக் குடியானவர்கள் லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள்.

எல்லாம் சீராக ஓடும்போது பேங்க்கைக் கவிழ்க்கலாம். ஃபுளோரன்ஸின் பார்டி, பெருஸ்ஸி குடும்பங்கள் 1340களில் நொடித்துப் போனதற்கு, இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு திருப்பித் தராத கடனும் ஒரு காரணம். பிரான்ஸின் நான்காம் பிலிப் இன்னும் நேரடி: டெம்ப்ளர் என்ற துறவி வீரர்களுக்குக் கடன்பட்டிருந்தவர், 1307இல் அவர்களையே கைது செய்தார். உங்கள் அரசனும் உங்கள் ஊர் பேங்க்கிடம் பெருங்கடன் வாங்கியிருக்கட்டும். நாளை காலை அதன் வாசலில் சீல் வைக்கக் காவலர்கள் வருகிறார்கள். குழுவின் 10,000 காசும் உள்ளேதான் இருக்கிறது.