செவிலியர் கல்லூரியின் கீர்த்தி

கேள்வி: என் மகள் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். மத ஸ்தாபனம் நடத்தும் தனியார் பல்கலைக்கழகத்தில் நர்சிங் சேர்க்கச் சொல்கிறார்கள். அதன் பெயரை நம்பலாமா?
– ஒரு தந்தை, காரியாபட்டி

பதில்: கீர்த்தி என்பது பெரும்பாலும் முன்னோர் உழைத்துச் சேர்த்த சொத்து, அதை அனுபவிப்போர் இன்றும் உழைக்கிறார்களா என்று பார்ப்பதே விவேகம். வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தொடங்கிய தாதியர் பயிற்சி 1946-இல் பட்டப்படிப்பாக உயர்ந்து, தேசமெங்கும் பிரசித்தி பெற்றதற்குக் காரணம் சமயப் பற்று மட்டுமன்று. நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரியே மாணவியருக்குப் பாடசாலையாக அமைந்ததுமாகும். ஆகவே தாங்கள் சமய அடையாளத்தையும் கட்டடத்தின் வனப்பையும் ஒருபுறம் ஒதுக்கி, இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா, சொந்த ஆஸ்பத்திரியின் படுக்கைகளில் உண்மையாகவே நோயாளிகள் இருக்கிறார்களா, நான்காண்டுப் படிப்பை முடித்தோர் மாநிலக் கவுன்சிலில் பதிவு பெற்று எங்கே பணிபுரிகிறார்கள் என்பவற்றை நேரில் விசாரியுங்கள். முன்னறிவிப்பின்றி ஒரு பகல் வெளிநோயாளர் பிரிவில் அமர்ந்து கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அருகிலுள்ள மதுரை அரசு மருத்துவக் கல்லூரியிலும் நர்சிங் பட்டப்படிப்பு உண்டு, கட்டணமும் சொற்பம். மதிப்பெண் இடங்கொடுக்குமாயின் முதல் விண்ணப்பம் அங்கே செல்லட்டும்.