கிரெடிட் யூனியனுக்கு எதைத் தருவது: பணமா, நேரமா, பொறுப்பா?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் நிறையப் பேர் கிரெடிட் யூனியன் என்னும் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குள் நுழைந்தது கார் லோனுக்காகத்தான். வங்கியைவிட வட்டி குறைவு என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள். ஐந்தோ பத்தோ டாலர் கட்டி உறுப்பினர் ஆகியிருப்போம். லோன் அடைந்து வருடங்கள் ஆகியும் அந்தச் சில டாலர் கணக்கில் அப்படியே கிடக்கும். அவ்வப்போது மின்னஞ்சல் வரும்: அறக்கட்டளைக்கு நன்கொடை தாருங்கள், வரிப் பருவத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை, பள்ளியில் பணக் கண்காட்சி, இயக்குநர் தேர்தல். பெரும்பாலும் படிக்காமலேயே அழித்துவிடுகிறோம். ஏதாவது செய்யலாமே என்று நினைப்பவருக்கும் இவற்றில் எதைச் செய்தால் உருப்படியாக இருக்கும் என்று தெரிவதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் ஒரு வரிப் பருவத்தைக் கொடுங்கள். பத்து வருடம் அதே ஊரில் இருப்பேன் என்று தெரிந்தால் கிரெடிட் யூனியனை நடத்தும் குழுவில் ஒரு நாற்காலியைக் கேளுங்கள். நன்கொடை இவை இரண்டுக்கும் பின்னால்தான். காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

அதற்கு முன், யாருக்காக இதெல்லாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2023-இல் வங்கி டெபாசிட்டுகளைக் காப்பீடு செய்யும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி. நடத்திய கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 4.2 சதவீதக் குடும்பங்களுக்கு, அதாவது சுமார் 56 லட்சம் வீடுகளுக்கு, எந்த வங்கிக் கணக்கும் இல்லை. கணக்கு இருந்தும் மாதக் கடைசியில் கை வறண்டு 'பேடே லோன்' கடைக்குப் போகிறவர்கள் தனி. அது ஏறக்குறைய நம் ஊர் மீட்டர் வட்டிதான், சட்டத்தின் அனுமதியோடு, கண்ணாடிக் கதவும் விளக்குப் பலகையும் வைத்து நடக்கிறது. நூறு டாலருக்கு 15 டாலர் கட்டணம், தவணை இரண்டு வாரம். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 390 சதவீதம். 500 டாலர் வாங்கியவர் அசலைத் திருப்ப முடியாமல் மூன்று மாதம் புதுப்பித்துக்கொண்டே போனால் கட்டணமாக மட்டும் 450 டாலர் போயிருக்கும், அசல் 500 அப்படியே நிற்கும். நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் இதற்கு இடமில்லை. டெக்சாஸில் இருப்பவர்கள் தெருவுக்குத் தெரு பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மாற்றாக ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் கொடுக்கும் சிறுகடனுக்கு 'பால்' என்று சுருக்கப் பெயர். வட்டிக்கு 28 சதவீத உச்சவரம்பு, விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது. அதே 500 டாலரை ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டி சுமார் 42 டாலர்தான் ஆகும், கடனும் தீர்ந்துவிடும். ஆனால் எல்லா கிரெடிட் யூனியனும் இதைத் தருவதில்லை. சின்னத் தொகை, வேலை அதிகம், லாபம் இல்லை. உங்கள் கிரெடிட் யூனியன் நிஜமாகவே மக்களின் பண நலனை நினைக்கிறதா என்று பார்க்க நான் கேட்கும் முதல் கேள்வி, "பால் லோன் உண்டா?" என்பதுதான். 'நிதி நலம்' என்ற தலைப்பில் இணையதளத்தில் பத்துக் கட்டுரை போடுவது எளிது.

ஆகவே எந்த உதவிக்கும் முன்படி, பணத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்பது. இதைக் கொடை என்று யாரும் எண்ணுவதில்லை, செலவும் இல்லை. ஏழை உறுப்பினர்கள் அதிகமுள்ள சங்கங்களில் கடன் கேட்பவர்கள் நிறைய இருப்பார்கள், டெபாசிட் போடுபவர்கள் குறைவாக இருப்பார்கள். அப்படிப்பட்டவற்றுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.சி.யூ.ஏ. 'குறைந்த வருமான' முத்திரை ஒன்று தருகிறது. முத்திரை உள்ளவை உறுப்பினர் அல்லாதவர்களிடமிருந்தும் டெபாசிட் வாங்க முடியும். உங்கள் அவசரகாலச் சேமிப்பை அங்கே மாற்றினால் 2,50,000 டாலர் வரை வங்கிக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு. நார்த் கரோலினாவின் டர்ஹாமில் இருந்து வளர்ந்த செல்ஃப்-ஹெல்ப், அதே ஊரில் 2000-இல் குடியேறிகளுக்காகத் தொடங்கிய லத்தீனோ கிரெடிட் யூனியன் ஆகிய இரண்டும் இப்படி வங்கி ஏறிட்டுப் பார்க்காத மக்களுக்குக் கடன் கொடுத்தே நிலைபெற்றவை.

இனி வரிப் பருவம். 'வீட்டா' என்பது வரித்துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் இலவச வரி உதவித் திட்டம். ஆண்டு வருமானம் (2025 நிலவரப்படி) சுமார் 67,000 டாலருக்குள் இருப்பவர்கள், ஊனமுற்றோர், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் ஆகியோருக்குத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து வரிக் கணக்கைப் பதிந்து கொடுக்கிறார்கள். நூலகம், தேவாலயம், சமூகக் கூடம் என்று எங்கும் நடக்கும். பல கிரெடிட் யூனியன்கள் தங்கள் கிளையையே சனிக்கிழமைகளில் இதற்குத் திறந்துவிடுகின்றன.

இதை ஏன் முதலில் வைக்கிறேன்? வேலை செய்து குறைவாகச் சம்பாதிப்பவர்களுக்கு அரசு திருப்பித் தரும் வரிச் சலுகை ஒன்று இருக்கிறது. மூன்று குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 2024 வரி ஆண்டில் அது 7,830 டாலர் வரை வரும். தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் அதைக் கேட்பதே இல்லை என்று ஐ.ஆர்.எஸ்.ஸே சொல்கிறது. கேட்பவர்களிலும் பலர் ஒரு கடையில் சில நூறு டாலர் கொடுத்துக் கணக்கைப் பதிகிறார்கள். ரீஃபண்ட் வரும் முன்பே முன்பணம் தருகிறேன் என்று அங்கேயே இன்னொரு கொக்கி மாட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் நீங்கள் மூன்று குடும்பங்களுக்குக் கணக்குப் பதிந்தால் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் தொகை, நீங்கள் எழுதக்கூடிய எந்தக் காசோலையைவிடவும் பெரியதாக இருக்க வாய்ப்புண்டு.

கிரெடிட் யூனியன் கிளையில் நடக்கும் வீட்டாவுக்கு இன்னொரு அனுகூலம். வந்தவருக்குக் கணக்கு இல்லையென்றால் அங்கேயே தொடங்கலாம். ரீஃபண்டை மூன்று கணக்குகள் வரை பிரித்துப் போடச் சொல்லும் படிவமும் உண்டு. கொஞ்சம் சேமிப்புக்கு, மீதி செலவுக்கு என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்க வைக்கலாம். 2025 செப்டம்பர் 30 முதல் காகிதக் காசோலையாக ரீஃபண்ட் அனுப்புவதை அரசு படிப்படியாக நிறுத்தத் தொடங்கிவிட்டதால், கணக்கில்லாதவர்களுக்கு இது முன்னைவிட அவசரம்.

நமக்கு வரிச் சட்டம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இணையவழிப் பயிற்சி இலவசம். நடத்தை விதிகள் பற்றிய தேர்வை எல்லோரும் எழுத வேண்டும். கணக்குப் போடுகிறவர்கள் கூடுதலாக அடிப்படை அல்லது மேல்நிலைத் தேர்வு எழுதவேண்டும். தேர்ச்சிக்கு 80 சதவீதம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். நீங்கள் போட்ட ஒவ்வொரு கணக்கையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். கணக்கே வேண்டாம் என்றால் வாசலில் வரவேற்பவராக, மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம். தமிழோ தெலுங்கோ பேசுகிற முதியவர் உள்ள ஊரில் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது.

வீட்டாவில் எடுக்காத கணக்குகளும் உண்டு. இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவருடையது அதில் ஒன்று. எனவே சொந்தக்காரர்களுக்கெல்லாம் இலவசமாகப் போட்டுத் தருவேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டா வேலை குறிப்பாகப் பொருந்தும். பி.காம். முடித்து, ஊரில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து ஆறேழு வருடம் சும்மா இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! சட்டம் பார்ப்பது இதைத்தான்: மற்றவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அது தன்னார்வம் ஆகாது, பின்னால் சிக்கலாகலாம். வீட்டா வேலையைச் செய்வதற்கென்றே தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள், அது காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. இதே காரணத்தால், கிரெடிட் யூனியன் கிளையில் 'இலவசமாகக் கொஞ்சம் உதவுகிறேன்' என்று ஊழியர் வேலையைச் செய்யப் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கண்காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு வேலை, ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, வாடகை, கார், உடை, போன் என்று மேசை மேசையாகச் செலவழிக்க விடுவார்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் விற்பனையாளராக நடித்து ஆசை காட்டுவார். நடுவில் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் பல் வலி, கார் பழுது என்று திடீர்ச் செலவு வரும். பிள்ளைகள் ரசிக்கிறார்கள், நமக்கும் அரைநாள் கலகலப்பாகப் போகும். ஆனால் ஒரு நாள் விளையாட்டில் கற்றது ஒரு மாதம் தங்குமா என்பது எனக்குச் சந்தேகம். அந்தப் பள்ளியிலேயே மாணவர் சேமிப்புக் கணக்கும் நடக்கிறது என்றால் போங்கள். வாரநாள் காலையில் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நன்கொடை விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கிரெடிட் யூனியன் வேறு, அதன் அறக்கட்டளை வேறு. வரிவிலக்கு வேண்டுமென்றால் 501(சி)(3) தகுதியுள்ள அறக்கட்டளைக்கே கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள நேஷனல் கிரெடிட் யூனியன் ஃபவுண்டேஷன். புயல், வெள்ளத்தில் சிக்கிய கிரெடிட் யூனியன் ஊழியர்களுக்கு உதவுவது, கூட்டுறவுப் பயிற்சி தருவது அதன் வேலைகளில் சில. உள்ளூர் அறக்கட்டளைகள் பெரும்பாலும் கல்வி உதவித்தொகையும் சிறு மானியங்களும் தருகின்றன. கொடுக்கும் முன் அதன் படிவம் 990-ஐப் பாருங்கள். அது பொது ஆவணம், இணையத்திலேயே கிடைக்கும். வருமானத்தில் எவ்வளவு மானியமாக வெளியே போனது, எவ்வளவு கால்ஃப் போட்டி விருந்துக்குப் போனது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிலையான கழிவை எடுக்கும் குடும்பங்களுக்கு 2022 முதல் 2025 வரையிலான வரி ஆண்டுகளில் நன்கொடையால் வரிச் சலுகை ஒன்றும் இருக்கவில்லை. 2026 வரி ஆண்டிலிருந்து தம்பதியருக்கு 2,000 டாலர் வரை, தனியாளுக்கு 1,000 டாலர் வரை ரொக்க நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் கம்பெனி நன்கொடைக்கு ஈடாகப் பணம் போடுமா என்றும் விசாரியுங்கள். சில கம்பெனிகள் தன்னார்வ மணிநேரத்துக்கும் பணம் தருகின்றன. அப்படியானால் வீட்டாவில் உழைத்த நேரமே அறக்கட்டளைக்கு நன்கொடையாகவும் மாறும்.

கடைசியாகப் பொறுப்பு. கிரெடிட் யூனியனில் பத்து டாலர் வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, பத்து லட்சம் வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. ஃபெடரல் சங்கங்களின் இயக்குநர்களில் ஒரே ஒரு நிர்வாகியைத் தவிர யாரும் சம்பளம் வாங்கக் கூடாது. பால் லோன் கொடுப்பதா, எந்தப் பேட்டையில் கிளையை மூடுவது, ஓவர்டிராஃப்ட் கட்டணம் எவ்வளவு என்று முடிவெடுப்பவர்கள் இவர்கள்தான். ஆனால் பல இடங்களில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருவது ஒரு கைப்பிடி ஆட்கள். அதே முகங்கள், போட்டியில்லாத தேர்வு. நம்மவர்களில் கணக்கியலும் கணினிப் பாதுகாப்பும் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம், அந்த மேசையில் நம் முகம் அதிகம் தென்படுவதில்லை.

நேராக இயக்குநர் பதவிக்கு நிற்பதைவிட மேற்பார்வைக் குழுவில் தொடங்குவது நல்லது. மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட இந்தக் குழுதான் ஆண்டுத் தணிக்கையைக் கவனிக்கும், உறுப்பினர் கணக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க வைக்கும், புகார் வந்தால் விசாரிக்கும். இங்கே இரண்டு வருடம் இருந்தால் சங்கத்தின் உள்ளும் புறமும் தெரிந்துவிடும். இயக்குநரானால் ஆறு மாதத்துக்குள் வரவு செலவு அறிக்கையைப் படிக்கக் கற்றிருக்க வேண்டும் என்பது விதி. மாதம் ஒரு மாலை, கூட்டத்துக்கு முன் படிக்க ஒரு கட்டுக் காகிதம், மூன்று வருடப் பதவிக்காலம் என்ற அளவுக்குத் தயாரானால் மட்டும் கேளுங்கள். பாதியில் ஊர் மாறிப் போகிறவரால் சங்கத்துக்குத் தொந்தரவுதான்.

இந்த நாற்காலிக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. மெட்ராஸ் மாகாணத்தில் கூட்டுறவுக் கடனுக்கு வழி இருக்கிறதா என்று ஆராய்ந்து ஃபிரடெரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் அறிக்கை கொடுத்தார். 1904-இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907-இல் இந்தியா வந்த பாஸ்டன் ஜவுளிக்கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன், வங்காளத்துக் கிராமங்களில் அந்தச் சங்கங்களைப் பார்த்துவிட்டுப் போனார். 1909-இல் மாசசூசெட்ஸில் கிரெடிட் யூனியன் சட்டம் நிறைவேறியதில் அவருக்குப் பெரிய பங்கு.

வீட்டா பயிற்சிக்குப் பெரும்பாலான இடங்களில் அக்டோபர், நவம்பரில் பெயர் சேர்ப்பார்கள், ஜனவரிக் கடைசியில் வேலை தொடங்கி ஏப்ரல் 15-இல் முடியும். இந்த வாரமே உங்கள் கிரெடிட் யூனியன் கிளைக்கு ஒரு போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே வீட்டா நடக்கிறதா, மேற்பார்வைக் குழுவில் இடம் எப்போது காலியாகும்?